கட்டியை எடுத்த பிறகு முகம் அசையுமா?

கேள்வி: என் தம்பிக்கு வயது 33. வலது காதுக்கு முன்னும் கீழுமாகக் கன்னத்தில் ஒரு கட்டி. ஸ்கேனில் நீளவாட்டில் 7 செ.மீ. என்கிறார்கள். ஐந்தாறு வருடமாக மெல்ல வளர்ந்தது, தொந்தரவு எதுவும் இல்லை. கடந்த 11 மாதங்களாக வலது பக்க முகம் தளர்ந்துகொண்டே வருகிறது. இப்போது கண் முழுதாக மூடுவதில்லை. சிரித்தால் வாய் இடது பக்கம் இழுத்துக்கொள்கிறது. பயாப்ஸியில், முகநரம்பிலிருந்து வளர்ந்த ஷ்வானோமா, புற்றுநோய் இல்லை என்று வந்திருக்கிறது. ஒரு டாக்டர், "சாதாரணக் கட்டிதான், இருக்கட்டும்" என்றார். இன்னொருவர், "எடுத்தாக வேண்டும், நரம்பும் சேர்ந்து போகும், காலிலிருந்து நரம்பு எடுத்து வைக்கலாம், தேவைப்பட்டால் தொடையிலிருந்து தசையும் வைக்கலாம்" என்கிறார். நரம்பை வெட்டாமல் கட்டியை மட்டும் எடுக்க முடியாதா? காலில் நரம்பை எடுத்தால் நடக்க முடியுமா? எல்லாவற்றையும் ஒரே ஆபரேஷனில் முடித்துவிடலாமா? முகம் பழையபடி வருமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்ற முடிவுகள் எல்லாம் அதைப் பொறுத்தவை. முகநரம்பின் ஒரு பகுதி கட்டியோடு வெட்டி எடுக்கப்பட்டு, இடையில் ஒட்டு நரம்பு வைக்கப்பட்டால், முகம் பழையபடி வராது. முகவாதத்தை அளக்க 1985 முதல் புழக்கத்தில் இருக்கும் ஹவுஸ்–பிராக்மன் அளவுகோலில் ஆறு படிகள் உண்டு. 1 என்றால் இயல்பான முகம், 6 என்றால் துளி அசைவும் இல்லை. ஒட்டு நரம்பு மிக நன்றாகப் பிடித்தாலும் எட்டக்கூடிய உச்சம் பொதுவாக 3-ஆம் படிதான். அந்தப் படியில், சும்மா இருக்கும்போது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். முயன்றால் கண் முழுதாக மூடும். சிரிக்கும்போது வித்தியாசம் தெரியும், ஆனால் விகாரமாக இருக்காது.

கண் மூடாத உங்கள் தம்பி இப்போது குறைந்தது 4-ஆம் படியில் இருக்கிறார். இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொன்னதற்குக் காரணமும் இந்த எண்களில்தான் இருக்கிறது. கட்டி இருந்தும் முகம் 1 அல்லது 2-ஆம் படியில் நிற்பவரிடம் நாங்களும் "இருக்கட்டும்" என்றே சொல்வோம். குறிப்பிட்ட இடைவெளியில் எம்.ஆர்.ஐ. எடுத்துக் கவனிப்போம். நன்றாக வேலை செய்கிற நரம்பை வெட்டி 3-ஆம் படியில் கொண்டுபோய் நிறுத்துவதை யாரும் வைத்தியம் என்று சொல்லமாட்டார்கள். முகம் 3-ஐத் தாண்டிச் சரியத் தொடங்கினால் கணக்கு மாறிவிடுகிறது. முதல் டாக்டரின் யோசனை ஒரு வருடத்துக்கு முன் சரியாக இருந்திருக்கும். இன்றைக்கு அது பொருந்தாது.

புற்றுநோய் இல்லாத கட்டிக்கு அவசரம் என்ன என்று நீங்கள் கேட்கலாம். கட்டிக்கு அவசரம் இல்லை, முகத்தசைக்குத்தான் அவசரம். நரம்பின் தொடர்பு அறுந்த தசை மெலிகிறது. நரம்பிழை வந்து சேரும் முனைகள் அழிகின்றன. தசை இருந்த இடத்தில் நாரும் கொழுப்பும் நிறைகின்றன. முழுத் தொடர்பும் அறுந்து 12 முதல் 18 மாதம் ஆகிவிட்டால், அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல நரம்பைக் கொண்டுவந்து இணைத்தாலும் அதை வாங்கிக்கொள்ளத் தசை இருக்காது. உங்கள் தம்பிக்குத் தளர்ச்சி தொடங்கித்தான் 11 மாதம் ஆகிறது. தொடர்பு முழுதாக அறுந்ததாகத் தெரியவில்லை. இந்த வேறுபாடு அவருக்குப் பெரிய சாதகம். ஆனால் அதை ஊகத்தில் விடக்கூடாது, முகத்தசைகளில் இ.எம்.ஜி. பரிசோதனை செய்ய வேண்டும். மெல்லிய ஊசியைத் தசையில் வைத்து மின்னலைகளைப் பார்ப்பார்கள். அவர் முயலும்போது எழும் அலைகள் தெரிந்தால் சில இழைகளாவது இன்னும் வேலை செய்கின்றன. சும்மா இருக்கும்போதே ஃபைப்ரிலேஷன் என்ற சிறு துடிப்பு தெரிந்தால், தசை நரம்பை இழந்திருக்கிறது, ஆனால் உயிரோடு இருக்கிறது. ஊசியைக் குத்தினாலும் எந்த அலையும் இல்லாத அமைதிதான் கெட்ட செய்தி. தொடைத் தசை வேண்டுமா வேண்டாமா என்ற உங்கள் கேள்விக்கு ஏறத்தாழ முழு விடையும் இந்த ஒரு பரிசோதனையில் கிடைத்துவிடும். நீங்கள் எழுதியதில் இ.எம்.ஜி. பற்றி ஒரு வரியும் இல்லை. செய்யவில்லை என்றால், ஆபரேஷன் தேதி குறிப்பதற்கு முன் செய்துவிடுங்கள்.

நரம்பை வெட்டாமல் கட்டியை மட்டும் எடுக்க முடியாதா? பல ஷ்வானோமாக்களில் முடியும். இந்தக் கட்டி நரம்பிழையைச் சுற்றியிருக்கும் உறைச் செல்லிலிருந்து பிறக்கிறது. இழைகளுக்குள் ஊடுருவாமல், தனக்கென ஓர் உறையோடு பக்கவாட்டில் வளர்கிறது. அதனால் நல்ல இழைகள் கட்டியின் மேற்பரப்பில், வகிடு எடுத்த முடிபோல் இரண்டு பக்கமும் ஒதுங்கிக் கிடக்கும். மின்தூண்டியால் தொட்டுப் பார்த்து, முகம் துடிக்காத இடத்தில் உறையை நீளவாக்கில் கீறி, கட்டியை மட்டும் பிதுக்கி எடுக்கலாம். கை, கால் நரம்புகளில் இது பெரும்பாலும் பலிக்கிறது. நியூரோஃபைப்ரோமா என்ற நரம்புக் கட்டி வேறு வகை. அதில் நரம்பிழைகள் கட்டிக்குள்ளேயே ஓடுவதால் பிரிப்பது கடினம். முகநரம்பில் ஷ்வானோமாவே ஆனாலும் சங்கடம் இருக்கிறது. நரம்பின் தண்டு 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிமன்தான். அதில் 7 செ.மீ. கட்டி உட்கார்ந்தால் இழைகள் காகிதம்போல் மெலிந்து பரவிவிடும். முகம் ஏற்கெனவே தளர்ந்திருப்பது, அந்த இழைகள் நசுங்கிச் செத்துக்கொண்டிருப்பதற்கான அடையாளம். கட்டி ஒரு கிளையில் மட்டும் இருந்தால் இழப்பு அந்தக் கிளையோடு நின்றுவிடும். தண்டிலேயே இருந்தால், பிரித்து எடுத்ததாகக் குறிப்பு எழுதிவிட்டு, செயலிழந்த நரம்பை உள்ளே விட்டுவருவதில் பயனில்லை. திறந்து பார்த்த பிறகுதான் இது உறுதியாகத் தெரியும். ஆகவே "நரம்பு கட்டாயம் போகும்" என்பதும் சரியில்லை, "காப்பாற்றிவிடுவோம்" என்பதும் சரியில்லை. காப்பாற்ற முயல்வோம், முடியாவிட்டால் அதே மேசையில் ஒட்டு நரம்பு வைப்போம் என்று சொல்லி, அதற்கான ஒப்புதலையும் முன்கூட்டியே வாங்கும் மருத்துவக் குழுவை நம்பலாம்.

"அதே மேசையில்" என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நரம்பை வெட்டிய பிறகும், முகத்தசைப் பக்கம் இருக்கும் அதன் வெளிமுனை சுமார் 72 மணி நேரம் மின்தூண்டலுக்குப் பதில் சொல்லும். அந்த நேரத்துக்குள் ஒவ்வொரு கிளையையும் தொட்டு, இது கண்ணுக்கு, இது மேலுதட்டுக்கு, இது கீழுதட்டுக்கு என்று அடையாளம் காணலாம். மூன்று நாள் கடந்தால் வெளிமுனை மௌனமாகிவிடும். சில வாரங்களில் தழும்பு மூடிவிடும். அதற்குப் பிறகு நூலிழை போன்ற வெள்ளைக் கிளைகளைத் தழும்புக்குள் தேடுவது எவருக்கும் வேதனைதான். கட்டியை இன்று எடுத்துவிட்டு, முகத்தை ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், வேறு ஓர் அறுவை நிபுணரிடமும் கேளுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் எம்.ஆர்.ஐ.யோடு, காதெலும்புக்கு நுண்ணிய சி.டி. ஸ்கேனும் வேண்டும். முகநரம்பு மண்டையோட்டிலிருந்து காதுக்குப் பின்னால் ஒரு சிறு துளை வழியாக வெளியே வருகிறது. கட்டி அந்தத் துளையை அகலப்படுத்தி எலும்புக்குள் ஏறியிருந்தால், கன்னத்தை மட்டும் திறந்து வேலை முடியாது. காதுக்குப் பின்னிருக்கும் எலும்பைக் குடைந்து, கட்டி இல்லாத நரம்பைத் தேடிப் போக வேண்டும். அதற்கு காது மூக்கு தொண்டை நிபுணர் உடன் இருக்க வேண்டும். கன்னத்தைத் திறந்த பிறகு இதைக் கண்டுபிடிப்பது மோசமான திட்டமிடல்.

மயக்க மருந்து நிபுணரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. நரம்பைத் தேடும் கட்டத்தில், நீண்ட நேரம் வேலை செய்யும் தசைத்தளர்த்தி மருந்தைத் தவிர்ப்பார்களா? தசை மருந்தால் செயலிழந்திருந்தால் மின்தூண்டி எதையும் காட்டாது. இருக்கும் நரம்பை இல்லாததாக எண்ணிவிடும் ஆபத்து உண்டு.

இனி ஒட்டு நரம்பு. முதலில் மூளைப் பக்கத்து உள்முனையைக் கட்டி அறவே இல்லாத இடம்வரை சீவ வேண்டும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் இழைக்கற்றைகள் தனித்தனியாக மொட்டுவிட்டதுபோல் பிதுங்கி நிற்க வேண்டும். வெட்டுமுகம் மழமழவென்று வெள்ளையாக இருந்தால் அது தழும்போ கட்டியோதான். சந்தேகம் இருந்தால் அந்த விளிம்பை, உறையவைத்து உடனே பார்க்கும் ஃப்ரோசன் பரிசோதனைக்கு அனுப்பி, பதில் வரும்வரை காத்திருப்பார்கள். இங்கே 2 மில்லிமீட்டரை மிச்சம்பிடிக்கப் பார்த்தால் பிறகு வைக்கும் ஒட்டு முழுவதும் வீண்.

இடைவெளியை அளந்து, அதைவிட 10 முதல் 20 விழுக்காடு நீளமான நரம்பை வைக்கிறோம். ஒட்டு ஆறும்போது சற்றுச் சுருங்கும். கழுத்தைத் திருப்பும்போதும் வாயைத் திறக்கும்போதும் இழுபடும். இணைப்பில் இழுவிசை இருந்தால் அங்கே தழும்பு கட்டி இழைகளை மறிக்கும். நரம்பு ஒட்டில் இழுவிசை கூடாது என்பதை 1960, 70களில் ஆஸ்திரிய அறுவை நிபுணர் ஹன்னோ மில்லேசி ஆணித்தரமாகக் காட்டினார். இன்றும் அந்த விதி மாறவில்லை. நீளத்துக்கு அடுத்து தடிமன். ஒட்டு நரம்புக்கு ஆரம்பத்தில் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது; சுற்றியிருக்கும் திசுவிலிருந்து கசிந்து வருவதை உண்டு உயிர்வாழ்கிறது. மெல்லிய நரம்பு இப்படிப் பிழைக்கும். தடித்த நரம்பின் நடுப்பகுதி செத்துவிடும். அதனால்தான் மெல்லிய இழைகளாக இரண்டு, மூன்று வைத்து, தண்டிலிருந்து ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனியே பாலம் போடுகிறோம். ஒவ்வோர் இணைப்புக்கும் 9-0 அல்லது 10-0 நைலானில் இரண்டு முதல் நான்கு தையல் போதும். 10-0 நூல் தலைமுடியைவிட மெல்லியது. அதிகம் தைத்தால் அதிகம் தழும்பு. சிலர் மேலே ஃபைப்ரின் பசையும் தடவுவார்கள். எல்லாக் கிளைகளுக்கும் சமமாகப் பங்கிடுவதும் இல்லை. கண்ணுக்கும் வாய்க்கும் முன்னுரிமை. கழுத்துத் தோலடித் தசைக்குப் போகும் கிளையை வேண்டுமென்றே விட்டுவிடுவோம். நெற்றிக்கான கிளை ஒட்டுக்குப் பிறகு மீள்வது அரிது. புருவம் தொங்கினால் பின்னாளில் தூக்கித் தைத்துக்கொள்ளலாம்.

காலில் நரம்பை எடுத்தால் நடக்க முடியும். எடுப்பது சூரல் நரம்பு. வெளிக் கணுக்காலுக்கும் குதிநாணுக்கும் இடையில், ஒரு சிறு சிரையின் அருகே அது ஓடும். தொடு உணர்வு மட்டும் கொண்ட நரம்பு, எந்தத் தசையையும் இயக்குவதில்லை. வயது வந்தவரிடம் 30 செ.மீ.க்கு மேல் கிடைக்கும். விலை என்னவென்றால், பாதத்தின் வெளி ஓரமும் குதியின் வெளிப்பக்கமும் மரத்துப்போகும். முதல் வருடத்தில் அந்த மரப்பின் பரப்பு பெரும்பாலும் சுருங்கும், ஆனால் முழுதாகப் போகாது. செருப்பு கடித்தால் தெரியாமல் போகலாம் என்பதால் பாதத்தைப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் வேண்டும். வெட்டிய முனையில் சிலருக்கு வலிக்கும் முடிச்சு வரும். அதைத் தவிர்க்க முனையைத் தசைக்குள் புதைத்துவிடுவார்கள். கழுத்தில் காதுமடலுக்குப் போகும் நரம்பையும் எடுக்கலாம். ஆனால் அதில் 7 முதல் 10 செ.மீ.தான் கிடைக்கும், இத்தனை பெரிய கட்டியில் பெரும்பாலும் அதுவே சிக்கியிருக்கும்.

உங்கள் டாக்டர் சொல்லாத ஒன்றை நான் சேர்க்க விரும்புகிறேன். மெல்லும் தசையான மாசட்டருக்குப் போகும் நரம்பை அங்கேயே கன்னத்துக்குள் எடுத்து, சிரிப்புக்கான கிளையோடு நேரடியாக இணைக்கலாம். காதுத் துளைக்கு முன்னிருக்கும் சிறு குருத்தெலும்பு மேட்டுக்கு ஏறக்குறைய 3 செ.மீ. முன்னால், கன்ன எலும்பு வளைவுக்கு 1 செ.மீ. கீழே, தசைக்குள் அது கிடைக்கும். இழை எண்ணிக்கை அதிகம், தூரம் குறைவு, ஓர் இணைப்புதான். ஆகவே 3 முதல் 6 மாதத்தில் வாயோரம் அசையத் தொடங்கும். மெல்லுவதற்கு மற்ற தசைகளும் எதிர்ப்பக்கமும் இருப்பதால் சாப்பிடுவதில் குறை வராது. குறை வேறு இடத்தில். ஆரம்பத்தில் பல்லைக் கடித்தால்தான் சிரிப்பு வரும். கண்ணாடி முன் மாதக்கணக்கில் பழகிய பிறகு பலருக்குக் கடிக்காமலும் வரும், எல்லோருக்கும் அல்ல. உங்கள் தம்பியின் நிலைக்கு நான் தேர்ந்தெடுக்கும் வழி இதுதான்: தண்டிலிருந்து ஒட்டு நரம்பைக் கண் கிளைகளுக்கும் கீழுதட்டுக்கும் கொடுப்பது, மாசட்டர் நரம்பைச் சிரிப்புக்குக் கொடுப்பது. இரண்டு மூலங்கள் இருப்பதால் கண்ணும் வாயும் ஒன்றாக இழுக்கும் தொல்லையும் குறையும்.

தொடைத் தசை? இ.எம்.ஜி.யில் முகத்தசைகள் உயிரோடு இருப்பது தெரிந்தால், முதல் ஆபரேஷனில் வேண்டாம். முகத்தில் ஒவ்வொரு பக்கமும் பதினைந்துக்கும் மேற்பட்ட சிறு தசைகள் சேர்ந்து உணர்ச்சியை வரைகின்றன. தொடையின் உட்புறத்திலிருந்து வரும் கிராசிலிஸ் எவ்வளவு நன்றாகப் பிடித்தாலும் ஒரே திசையில், வாயோரத்தைக் காதுப்பக்கம் இழுக்கும் வேலையை மட்டுமே செய்யும். கண்ணை மூடாது. சொந்தத் தசை செத்துப்போனவருக்கு அது வரப்பிரசாதம். உயிருள்ள தசை மேல் அதைப் போட்டால் கன்னம் தடிக்கும், அடியில் இருப்பதை மூடிவிடும். 1976-இல் ஜப்பானில் ஹாரி என்ற அறுவை நிபுணரின் குழுவினர் முதன்முதலில் இதைச் செய்து வெளியிட்டதிலிருந்து இன்றுவரை, தசை செத்த முகத்துக்கு இதுவே முதல் தேர்வு. இப்போது செய்யாவிட்டால் வாய்ப்பு போய்விடும் என்ற பயமும் வேண்டாம். கிராசிலிஸ் தன் நரம்போடும் ரத்தக் குழாயோடும் வருவதால் அதற்குக் காலக்கெடு இல்லை. ஒட்டு நரம்பு 18 மாதத்துக்குப் பிறகும் பலன் தரவில்லை என்றால் அப்போது வைக்கலாம். எடுத்தால் நடை போகாது. காலை உள்ளிழுக்க வேறு தசைகள் இருக்கின்றன. தொடையின் உட்புறத்தில் ஒரு தழும்பு மட்டும் மிஞ்சும்.

இ.எம்.ஜி. அமைதியைக் காட்டினால் மட்டும் வரிசை மாறும். அப்போது கட்டியை எடுத்து, நலமான இடது பக்க முகநரம்பின் ஒரு கிளையிலிருந்து மேலுதட்டின் அடியாக வலது பக்கத்துக்கு ஒரு நீண்ட ஒட்டு நரம்பை ஓட்டிவிட்டு, 9 முதல் 12 மாதம் காத்திருந்து, பிறகு கிராசிலிஸை அதனோடு இணைப்பார்கள். பலன் மெதுவாக வரும், இழுப்பும் சற்று மெலிவு; ஆனால் நகைச்சுவை கேட்டதும் தானாக வரும் சிரிப்பு இந்த வழியில்தான் கிடைக்கிறது. இடது பக்கம் பலவீனமாகாதா என்று கேட்பார்கள். ஒரே வேலையைச் செய்யும் கிளைகள் அங்கே பல இருக்கின்றன; மின்தூண்டியால் சோதித்து உபரியான ஒன்றைத்தான் எடுப்பார்கள்.

பள்ளத்தைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள். 7 செ.மீ. கட்டியும், அதைச் சுற்றிய பரோடிட் உமிழ்நீர்ச் சுரப்பியின் பகுதியும் போன இடத்தில் கன்னம் குழிந்துவிடும். அழகு மட்டும் பிரச்சினை அல்ல. ஒட்டு நரம்பு அந்தக் குழியில் தொங்கினால் அதற்கு ஊட்டம் கொடுக்கத் திசு இல்லை; நீரும், வெட்டுப்பட்ட சுரப்பியின் உமிழ்நீரும் அதைச் சுற்றித் தேங்கும். நன்றாகத் தைத்த ஒட்டும் இப்படித் தோற்கலாம். ஆகவே பெரிய குழியாக இருந்தால், தொடையின் முன்வெளிப் பக்கத்திலிருந்து கொழுப்பும் உறைத்திசுவும் கொண்ட திசுத்துண்டை (ஃபிளாப்) ரத்தக் குழாயோடு எடுத்து, கழுத்திலோ முகத்திலோ உள்ள தமனி, சிரையோடு இணைத்து நிரப்புகிறோம். வேறொரு லாபமும் இதில் உண்டு: அதே வெட்டில், பக்கத்தில் ஓடும் தொடைத் தசை நரம்பின் ஒரு கிளையை ஒட்டு நரம்பாக எடுக்க முடிந்தால், கணுக்காலைத் தொடவே வேண்டியதில்லை. "தொடையிலிருந்து தசை" என்று உங்களிடம் சொன்னது இந்த ஃபிளாப்பாகக்கூட இருக்கலாம். கிராசிலிஸா, நிரப்புவதற்கான ஃபிளாப்பா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். முதலாவது அசைவதற்கு, இரண்டாவது குழியை மூடுவதற்கு. முதல் ஆபரேஷனில் வேண்டியது இரண்டாவது.

ஃபிளாப் வைத்தால் முதல் மூன்று நாள்தான் கண்டம். இணைக்கும் குழாய்கள் 1 முதல் 3 மில்லிமீட்டர் விட்டமுள்ளவை. ரத்தம் உறைந்து அடைபட்டால் பெரும்பாலும் இந்த 72 மணி நேரத்துக்குள்தான். தமனியைவிடச் சிரை அடைபடுவதே அதிகம். முதல் நாள் மணிக்கொரு முறை டாப்ளர் கருவியில் ரத்த ஓட்டத்தின் ஓசை கேட்பார்கள். தோல் துண்டு வெளியே தெரிந்தால், அது நீலம் பாய்ந்து, அழுத்தி விட்டதும் சட்டென்று ரத்தம் நிறைந்தால் சிரை அடைப்பு. வெளிறிக் குளிர்ந்தால் தமனி அடைப்பு. நள்ளிரவானாலும் உடனே திரும்பத் திறந்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம். "காலையில் பார்க்கலாம்" என்றால் ஃபிளாப் போய்விடும். இரவில் திறப்பதற்குக் குழு இருக்கிறதா என்று முன்பே விசாரியுங்கள். அந்தப் பக்கமாகப் படுக்கக்கூடாது. கழுத்தில் இறுக்கமான பட்டையோ, மூச்சுக்குழாய்க் கயிறோ இணைப்பை அழுத்தக்கூடாது. அறையைக் குளிரவிடக் கூடாது. தம்பி புகைப்பவர் என்றால் நான்கு வாரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். நிகோட்டின் பட்டையும் குழாயைச் சுருக்கும் என்பதால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இதையெல்லாம் விட இன்றிரவே செய்ய வேண்டியது கண்ணைக் காப்பது. நரம்பு பிடிக்க மாதங்கள் ஆகும். கருவிழி கெட இரண்டு நாள் போதும். பகலில் ஒன்றிரண்டு மணிக்கொரு முறை செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் கண் களிம்பு, அதன் மேல் இமையை இழுத்து மூடி ஒட்டுநாடா. பஞ்சையோ துணியையோ திறந்த கண் மேல் வைத்துக் கட்டாதீர்கள். உறக்கத்தில் இமை திறந்து, பஞ்சு கருவிழியை உரசிப் புண்ணாக்கும். கண் சிவந்தாலும், மங்கலானாலும், உறுத்தினாலும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். கருவிழியில் உணர்வு இருக்கிறதா என்று அவரைச் சோதிக்கச் சொல்லுங்கள். உணர்வும் இல்லாவிட்டால் புண் வந்தது தெரியாமலே பார்வை போகும். மேலிமைக்குள் ஒரு கிராம் அளவில் தங்கம் அல்லது பிளாட்டினம் எடையைப் புதைத்தால் இமை தன் பாரத்தில் மூடும். கட்டியை எடுக்கும் அதே ஆபரேஷனில் இதையும் வைத்துக்கொள்ளலாம். நரம்பு மீண்ட பிறகு எடுத்துவிடலாம்.

ஆக, ஒரே ஆபரேஷனில் எவ்வளவு? கட்டி, ஒட்டு நரம்பு, மாசட்டர் இணைப்பு, குழியை மூடும் ஃபிளாப், இமை எடை, எல்லாம் ஒரே நாளில் ஆகலாம். இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் முகத்திலும் காலிலும் வேலை செய்தாலும் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். விழித்ததும் முகம் இப்போதைவிட மோசமாக இருக்கும். இப்போது மிஞ்சியிருக்கும் அசைவும் போய்விடும். இதை முன்கூட்டியே தம்பியிடம் சொல்லிவிடுங்கள். பலர் இந்த மாதங்களில்தான் மனம் உடைகிறார்கள். நரம்பிழை ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வளர்கிறது. காதுக்குப் பின்னிருக்கும் துளையிலிருந்து வாயோரம் சுமார் 10 செ.மீ.; இணைப்புகளைக் கடக்கும் தாமதமும் சேர்ந்து, ஒட்டு வழியாக முதல் அசைவுக்கு ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அசைவுக்கு முன்பே கன்னம் சற்று இறுகி, தொங்கியிருந்த வாயோரம் ஏறி நிற்கும். அதுதான் முதல் நல்ல அறிகுறி. இரண்டு வருடம்வரை முன்னேற்றம் தொடரும்.

அசைவு வந்ததும் புதுத் தொல்லை வரலாம். வளர்ந்த இழைகள் தடம் மாறிச் சேர்வதால் வாயைக் குவித்தால் கண் சிமிட்டும். இதற்கு வலுவான பயிற்சி உதவாது, கெடுக்கும். கண்ணாடி முன், சிறிய அசைவுகளை மெதுவாக, ஒன்றைவிட்டு ஒன்று பிரித்துப் பழக்கும் பயிற்சிதான் வேண்டும். முகப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட்டைத் தேடுங்கள். மிஞ்சியதற்கு, தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி மிகச் சிறிய அளவில் போடலாம், சில மாதங்களுக்கு ஒருமுறை. சாப்பிடும்போது கன்னம் வியர்ப்பதும், முதல் கவளத்தில் தாடைக்குள் சுரீர் என்று வலிப்பதும் உமிழ்நீர்ச் சுரப்பி ஆபரேஷனுக்குப் பின் வருபவைதான். ஒட்டு கெட்டுவிட்டதாக நினைத்துப் பதற வேண்டாம். காயத்திலிருந்து சாப்பிடும் நேரத்தில் தெளிந்த நீர் வடிந்தால் அது உமிழ்நீர். அதை மட்டும் உடனே தெரிவியுங்கள்.

பயாப்ஸி கட்டியின் ஓர் ஓரத்தை மட்டுமே பார்த்தது. எடுத்த கட்டி முழுவதையும் பரிசோதித்து வரும் அறிக்கையை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்; அதிலும் ஷ்வானோமா என்றே வந்தால் கதிர்வீச்சோ மருந்தோ தேவையில்லை. உடலில் வேறெங்காவது கட்டிகள், தோலில் காப்பிநிறத் திட்டுகள், எதிர்க்காதில் கேட்கும் திறன் குறைவு, குடும்பத்தில் யாருக்காவது இதேபோல் என்று இருந்தால் மரபணு ஆலோசனை பெறுங்கள். ஒரே கட்டி மட்டும் என்றால் பெரும்பாலும் அது தேவைப்படாது. எலும்புத் துளைக்குள் சிறு எச்சம் விட நேர்ந்திருந்தால் அதை டிஸ்சார்ஜ் குறிப்பில் எழுதி வாங்குங்கள். முதல் எம்.ஆர்.ஐ.யை எப்போது எடுப்பது, அதன் பிறகு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பது அந்த ஒரு வரியைப் பொறுத்துத்தான் முடிவாகும்.